மலை வரையக் கூடாது

மறுபடியும் மலை.

அவள் தாளைக் கையில் எடுத்தாள். இரண்டு மலை. பச்சை கிரேயானில், நன்றாக அழுத்தி.

தொண்டை வற்றக் கத்தியதெல்லாம் என்ன ஆயிற்று? மலை கூடாது. ஆறு கூடாது. குடிசையும் தென்னை மரமும் கூடவே கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் வரையுங்கள். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். பாட்டாக இருந்தாலும் சரி, திட்டாக இருந்தாலும் சரி.

ஓவிய ஆசிரியைக்கு மலைமேல் அப்படி என்ன கோபம் என்று கேட்கலாம்.

ஏழாம் வகுப்பில் யாரிடம் தாளைக் கொடுத்தாலும் அதே படம்தான். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து நேராக வீட்டு வாசலுக்கே வந்து சேரும் ஆறு. பிள்ளைகள் குடியிருப்பதோ நகரத்துக்கு வெளியே கட்டிவிட்ட எட்டு மாடி வீடுகளில். அந்த வட்டாரத்தில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது குப்பைமேடு. ஆனாலும் கை என்னவோ மலைக்குத்தான் போகிறது.

கணக்கு வாத்தியார் ஓவியப் பீரியடைத் தனக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சுவரில் படங்களை மாட்டுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

இன்று வெள்ளிக்கிழமை.

மலையும் மயிலும் தாமரையும் மாட்டினால் அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

பலன் இல்லாமல் போகவில்லை. ஒருவன் ஓடாத லிஃப்டின் கதவை வரைந்திருந்தான். ஒருத்தி தண்ணீர் லாரியும் குடங்களும் வரைந்து, கீழே எழுதியிருந்தாள்:

லாரி வந்தா எங்கம்மா ஓடும்.
ஸ்கூலுக்கு நான் அப்படி ஓடினதே இல்ல.

படித்தபோது ஆசிரியைக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

இந்தச் சுகந்தினி மட்டும்தான் மலையை விடவில்லை.

சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்த பிள்ளை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மற்றவர்கள் மிஸ் என்று கூப்பிட, இவள் மட்டும் டீச்சர் என்பாள். எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை.

அவளுடைய முதல் தாளை ஆசிரியை திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

இது மூன்றாவது.

"மலை வேண்டாம்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

சுகந்தினி எழுந்து நின்றாள். அழவில்லை.

"பாத்ததத்தான் வரையச் சொன்னீங்க டீச்சர்."

கிழிக்கப் போன கை நின்றது.

சூரியன் இல்லை. ஆறு இல்லை.

மலை முழுக்கத் தேயிலைச் செடிகள், வரிசை வரிசையாக. ஒரு மலையில் மட்டும் நடுவில் வரிசை அறுந்து, உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரே பழுப்பு. அழுத்திய அழுத்தில் அந்த இடத்தில் தாள் பொத்துப் போயிருந்தது. மலையடியில் ஒன்றோடொன்று ஒட்டிய சின்னச் சின்ன வீடுகள். பழுப்பு அங்கே வந்து நின்றது.

கீழே இரண்டு வரி.

மழை விட்டதும் கதவைத் திறந்தோம்.
எதிர் வரிசை வீடுகள் இல்லை.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றதை நினைக்கவே ஆசிரியைக்குக் கூசியது. கூடைக்குள் கிடந்த தாளின் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் வைத்தாள்.

பிறகு மூன்றாவது தாளைச் சுவரின் நடுவில் மாட்டினாள்.

தலைமையாசிரியர் வந்தார். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. படங்களை எட்ட நின்றே பார்த்துக்கொண்டு நடந்தார். லிஃப்ட் கதவு. லாரி. முகம் கடுத்தது.

"என்னம்மா இது, ஸ்கூல் சுவரா, புகார்ப் பெட்டியா?"

மலைக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆங், இது படம்! சூரியனை மட்டும் காணோம். ஒரு மஞ்சளை எடுத்து நடுவுல வச்சிடு பாப்பா. எல்லாரையும் இதே மாதிரி வரைய வைங்கம்மா, பீரியட் உங்களுக்குத்தான்."

கேட்டது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும்.

சுகந்தினி மஞ்சள் கிரேயானை எடுத்தாள். எடுத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சூரியன் வேணாம் சார். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு கீழ இருக்கிறதைப் படிங்க."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வேலையே போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிடித்த கையை விடவில்லை.

அவர் கண்ணாடியைப் போட்டார். குனிந்து படித்தார். சுகந்தினியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.



பெல் அடித்தது. கணக்கு வாத்தியார் சாக்பீஸ் டப்பாவோடு வாசலில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

தலைமையாசிரியர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சுவரின் தொடக்கத்துக்கே போயிருந்தார். லிஃப்ட் கதவுக்குக் கீழே எழுதியிருந்ததை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே, கொஞ்சம் இருங்கள் என்று வாசலை நோக்கி ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.