பிரிண்ட் அண்ணனிடம் கேட்டால் போதும்

“நூலகத்துக்கா? வேற வேலை இல்லையா உனக்கு? பிரிண்ட் அண்ணன்கிட்ட கேட்டா ஆச்சு.”

இளம் இன்ஜினியர் இருவர் நூலக வாசலிலேயே நின்று இப்படிப் பேசிவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த நூலகர் அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கட்டடம் வடிவமைக்கிற கம்பெனி அது. தூண் எத்தனை தடிமன், கம்பி எந்த ரகம் என்று எல்லாவற்றுக்கும் விதிமுறை சொல்லும் ஒரு கோட் புக் உண்டு. புத்தகங்கள் எல்லார் கம்ப்யூட்டரிலும்தான் கிடக்கின்றன. எது எதில் இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவளுக்குச் சம்பளம். ஆனால் இவளிடம் வருகிறவர்கள் ஸ்டேப்ளர் கேட்க வருவார்கள், இல்லையென்றால் சாப்பிட்ட மயக்கத்தில் கண் அசர வருவார்கள். சந்தேகம் என்று வந்தால் எதிர் அறையில் வரைபடம் அச்சடிக்கிற பிரிண்ட் அண்ணனிடம் போய் நிற்பார்கள்.

நேற்று மேனேஜர் டேப்போடு வந்து நூலகத்தை அளந்து பார்த்தார்.

“ஆளே வரலைன்னா இந்த மாசத்தோட இதை மீட்டிங் ரூம் ஆக்கிடலாம்மா. உங்களுக்கு ரிசப்ஷன்ல ஒரு நாற்காலி போட்டுடறேன்.”

படித்த படிப்புக்கு, வாசலில் உட்கார்ந்து வணக்கம் சொல்வதா? அவளுக்கு வயிறு எரிந்தது. கண்ணாடி வழியே எதிர் அறையைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. அங்கே ஒருவன் அண்ணனுக்குக் காபி நீட்டுகிறான். இன்னொருவன் தோளில் கை போடுகிறான். இவளுக்கு இதுவரை யாராவது ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததுண்டா?

பொறுக்க முடியாமல், பிரிண்ட் எடுக்கிற சாக்கில் ஒரு வெற்றுத்தாளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“வாங்க மேடம்” என்று வரவேற்றார் அண்ணன், மிகுந்த மரியாதையாக.

“கூட்டம் ஜாஸ்தி போல.” அவள் குரலில் எலுமிச்சை பிழிந்திருந்தது.

அதற்குள் தடிக் கண்ணாடி இன்ஜினியர் ஒருவர் குறுக்கே வந்தார். “அண்ணே, மொட்டை மாடியில பெரிய தண்ணித் தொட்டி வைக்கிறோம். நிலநடுக்கத்துல தண்ணி தளும்பி ஆடுமே, அதுக்குக் கணக்கு எந்தப் புக்ல இருக்கு?”

அண்ணன் கூரையைப் பார்த்தார். தாடையைத் தடவினார். “நாளைக்குக் காலையில வாங்க தம்பி.”

இன்ஜினியர் அவள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா மேடம்? வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளில்ல. யோசிச்சுதான் சொல்வாரு. சொன்னா தப்பே இருக்காது.”

“அதை நான் இப்பவே சொல்வேனே. கட்டடம் எந்த ஊர்ல? எத்தனை மாடிக்கு மேல மொட்டை மாடி? தொட்டி வட்டமா, சதுரமா? எதுக்குக் கேக்கறீங்க?”

“இதான் மேடம் பயம்” என்று சிரித்தார் இன்ஜினியர். “உங்ககிட்ட ஒண்ணு கேட்டா நீங்க ஒன்பது கேப்பீங்க. அண்ணன் ஒண்ணுமே கேக்க மாட்டாரு.”

அண்ணன் குனிந்து மெஷினுக்கு இங்க் ஊற்றினார். சிரிப்பை மறைக்கத்தான் என்று அவளுக்கு நிச்சயம். கேள்வி கேட்காமல் என்ன பதில் வரும்? அந்த ஆளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் வீட்டில், அந்த ஆத்திரத்தையெல்லாம் வெங்காயத்தின்மேல் காட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். புருஷன் வந்தான். முகம் கழுவினான். கேட்காமலேயே இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தக்காளியை நறுக்க ஆரம்பித்தான். இந்தக் குழைவு எதற்கென்று அவளுக்குத் தெரியும். நிமிரவே இல்லை.

“ஏம்மா, மாடியில தண்ணித் தொட்டி வச்சா, நிலநடுக்கத்துக்குக் கணக்கு எந்தப் புக்குலம்மா இருக்கு?” என்றான் புருஷன்.

பிரிண்ட் ரூம் ஆளைக் கட்டிக்கொண்டது ஆபீசில் ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது என்று கல்யாணத்தன்றே அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டவள், கத்தியைக் கீழே வைத்தாள்: “காலையில அந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டு, எல்லாரும் பாக்க, என் நூலகத்துக்கு வந்து கேளுங்கண்ணே!”