திரும்பி வர வழி

ஸ்கேல் மேசையில் அறையும் சத்தம் வராந்தாவின் மறுமுனை வரை கேட்டது.

"திரும்பி வர வழி எங்கே?"

தலைமையாசிரியை நான்காம் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தரையில் விரித்த பெரிய தாளைச் சுற்றிப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். 'குண்டூசி' என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப் பெண் விசும்பிக்கொண்டிருந்தாள்.

"போற வழியெல்லாம் போட்டோம் மிஸ். வர்றதும் அதே வழிதானே..."

"அதே வழியா? காலையில போற பஸ் சாயங்காலமும் அங்கேயே நிக்குமா? தேடிப் பார்த்தியா? போய் அங்கேயே கிடக்கிறதுக்கா ஊருக்குப் போறது?"

தலைமையாசிரியை டீச்சரை வெளியே அழைத்தார்.

"பயணத் திட்டம் போடக் கத்துக்கொடுங்கன்னா, பிள்ளைங்களை அழவைக்கிறீங்க. பேப்பர்ல போற ஊருக்கு இவ்வளவு கோபமா?"

டீச்சர் கையிலிருந்த ஸ்கேலையே பார்த்தார்.

"பக்கத்து வகுப்பு கடற்கரைக்குப் போகுது. உங்களுக்குக் கிடைச்சது புகையும் நெரிசலுமா ஒரு ஊரு, அதுல ஒரு மியூசியம். அதையும் ரிப்பேருக்கு மூடிட்டாங்கன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுச் சொன்னா, 'பரவாயில்ல, வாசல் வரைக்கும் போங்க'ன்னீங்களாம்! எழுத்தே கூடாதாம், எல்லாம் படமாம். இது என்ன டிராயிங் கிளாஸா? ஒரு அப்பா போன்ல கத்துறார். 'எந்த பஸ்ல படி தாழ்வா இருக்கும்னு கேட்டு என் பையன் உயிரை எடுக்கிறான்'னு."

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க மேடம். நாளைக்கு நிலாவுக்கு வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்."

"நாளையிலேர்ந்து இந்தப் பாடத்தை வேற டீச்சர் எடுப்பாங்க." தலைமையாசிரியை திரும்பி நடந்தார்.

மதியம் குண்டூசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டரில் பஸ் நேரம் தேடினாள். வரைபடத்தில் விரல் வைத்துத் தெருத் தெருவாகப் போனாள். பிறகு சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

"அது ஒருவழிப் பாதை மிஸ். திரும்பி வர்ற பஸ்ஸு பின்தெருவுலதான் நிக்குது."

"இப்பப் புரியுதா?" என்றார் டீச்சர். அப்போதும் சிரிக்கவில்லை.

பள்ளி விட்டு, டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். காய்ச்சல் என்று ஒரு மாதமாக வகுப்புக்கு வராத முதல் பெஞ்சுப் பெண்ணின் அம்மா.

"புள்ளைக்கு என்ன நோயின்னு யார்கிட்டயும் சொல்லலியே டீச்சர்? தெரிஞ்சா எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு பயப்படுது."

"இல்லம்மா. மேடத்துக்குக்கூடத் தெரியாது."

டீச்சர் தாளை மேசையில் விரித்தார். அந்த அம்மாவின் விரல் படம் படமாக நகர்ந்தது.

"ரயிலு... மணிக்கூண்டு... பச்சை பஸ்ஸு, படி தாழ்வா... பெரிய கம்பிக் கேட்டு..."

"அதான் மியூசியம். நேர் எதிர்ல ஆஸ்பத்திரி. ரோட்டைத் தாண்டினாப் போதும்."

"எப்பவும் போர்டை அவதான் எனக்குப் படிச்சுச் சொல்லுவா. இப்பப் பாதி நேரம் தூங்கிக்கிட்டேதான் கிடக்கா. நாளைக்கு விடியக்காலை ரயிலு, அவளைக் கூட்டிக்கிட்டு நான் தனியா எப்படின்னு..." விரல் சிவப்புக் கோட்டில் நின்றது. "இது எங்க போகுது டீச்சர்?"

"அது திரும்பி வர வழிம்மா."

போகிற கோட்டில் இருந்ததைப் போலவே வருகிற கோட்டிலும், பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக, கைகோத்த இரண்டு உருவங்களைக் குண்டூசி வரைந்திருந்தாள்.

"ரெண்டு பேருதானே டீச்சர்?"

டீச்சர் தலையாட்டினார். பிறகு டஸ்டரை எடுத்து, மீதிப் பலகையைத் துடைக்கத் தொடங்கினார்.