கையோடு வந்த வடம்

ராஜா காலத்தில் எங்கள் ஆட்கள் தேரோடும் தெருவுக்கே வரக்கூடாது, கண்ணுகளா. வெள்ளைக்காரன் காலத்தில் தூர நின்று கும்பிட்டோம். இந்த வருஷம்தான், நாங்களும் வடம் பிடிக்கலாம் என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. முப்பது பேர் குளித்து, புதுத்துணி உடுத்திப் போய்ப் பிடித்தோம். முன்வரிசையில் என் நாத்தனார் சடைச்சி. ஒரே மூச்சாக இழுத்தோம். வடம் மட்டும் லேசாகக் கையோடு வந்தது. தேர் நின்ற இடத்திலேயே நின்றது. முடிச்சை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

“ஆசை தீந்துச்சா? வடத்தைக் கீழ போடு,” என்றார் தர்மகர்த்தா.

“அவுத்தவங்க வந்து கட்டட்டும், அய்யா,” என்றாள் சடைச்சி.

“உச்சி வெயிலு. சாமி காயுது பாரு.”

சடைச்சி வடத்தை இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

“நாங்களுந்தான் காயுறோம். சாமிக்காச்சும் குடை பிடிச்சிருக்கீங்க.”