இடுப்பளவு தண்ணீர்

"பார்த்து வாங்க சிஸ்டர், ஆழமா இருக்கு!"

கட்டிலின் மேலிருந்து எச்சரித்தாள் ஒன்பது வயதுச் சிறுமி. தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

வாசலில் நின்ற நர்ஸ் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினாள். "எவ்வளவு ஆழம் கண்ணு?"

சிறுமி பக்கத்தில் சாய்ந்திருந்த அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "இடுப்பு வரைக்கும்."

நர்ஸ் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். காலால் துழாவித் துழாவி நடந்து கட்டிலில் ஏறிக்கொண்டாள். சன்னல் வெளிச்சம் கூரையில் நெளிந்தது. மூவரும் ஒரு படகில் போவதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

சமையலறையில் கரண்டியும் கையுமாக நின்ற அப்பா, நர்ஸ் கிளம்பும்போது கிசுகிசுத்தார். பஸ் டிரைவர், சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

"போன மழையில தெருவே ஆறா ஓடுச்சு சிஸ்டர். நான் வண்டியோட வெளியூர்ல மாட்டிக்கிட்டேன். இவதான் பாப்பாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு, பொழுது சாயற வரைக்கும் தண்ணியில நின்னா. என் பொண்டாட்டிக்கு இரும்பு நெஞ்சு. புள்ளதான் பயந்துடுச்சு. ரெண்டு மாசமா கீழ கால் வைக்கல. அதைத் தனியா விட மாட்டேன்னு அவளும் கட்டில்லயே கெடக்கா."

குளியலறை வரை ஸ்டூலும் பலகையுமாக ஒரு பாலம் போட்டிருந்தார். தாயும் மகளும் கைகோத்து அதன் மேல்தான் போய் வருவார்களாம்.

பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய், மனம் நொந்த குழந்தைகளைப் பார்த்து வருபவள் அந்த நர்ஸ். அலமாரிக்குள் புலி இருக்கிறது என்று குழந்தை சொன்னால், இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. என்ன சாப்பிடும் என்றுதான் கேட்பாள். இரண்டு வாரத்தில் புலி பூனையாகிவிடும். ஒரு மாதத்தில் அதுவும் போய்விடும்.

இந்த வீட்டில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. ஒவ்வொரு வியாழனும் வந்தாள். காகிதக் கப்பல் விட்டாள். தண்ணீர் வடிய வழி வெட்டலாம் என்று சுவரோரமாகச் சாக்பீஸால் வாய்க்கால் வரைந்தாள். சிறுமி கைதட்டிச் சிரிப்பாள். "இப்ப எவ்வளவு இருக்கு?" என்று கேட்டால் மட்டும் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள்.

"இடுப்பு வரைக்கும்."

ஐந்தாவது வியாழன் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"திங்கக்கெழமை பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிட்டாரு சிஸ்டர். ஒரு மாசம் வீட்டு ஆளுங்க யாரும் கூட இருக்கக் கூடாதாம். பொண்டாட்டிகிட்ட இன்னும் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அந்தச் சீட்டை எழுதக் காரணமே நர்ஸ் அனுப்பிய அறிக்கைதான். 'முன்னேற்றம் இல்லை' என்று நான்கு வாரமாக எழுதியவள் அவளேதான்.

அறைக்குள் நடுப்பகல் வெயில் பொன்னாகத் தேங்கியிருந்தது. அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

அப்போது சிறுமி போர்வையை மெல்ல விலக்கினாள். கட்டிலிலிருந்து இறங்கினாள். வெறுங்காலுடன் தரையில் நடந்து வந்து, தூக்கிய பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

நர்ஸ் குனிந்து அந்த வெறுங்கால்களைப் பார்த்தாள். "கண்ணு! தண்ணியெல்லாம் வத்திடுச்சா?"

"உஷ்! மெதுவா பேசுங்க சிஸ்டர்." சிறுமி விரலை உதட்டில் வைத்துக்கொண்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "தண்ணி எனக்கு எங்க தெரியுது? அம்மாவுக்குத்தான் தெரியுது. பாவம், அவங்களைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் எப்படி எறங்குறது?"