மாமரத்துச் சிடி

“குரங்கு விரட்டக் கட்டித் தொங்கவிட்டேன் தாயி. புத்தி இருக்கிற எவனாவது செய்வானா? நான் செஞ்சேன்.”

ஹபீபுல்லா கைக்குட்டையை விரித்து, அதிலிருந்த சிடியை மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் வெள்ளிப்பூச்சு உரிந்து அந்தப் பக்கம் தெரிந்தது. நடுத்துளையில் நைலான் கயிறு இன்னும் முடிச்சோடு இருந்தது.

தென்காசியில் அந்தக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை நடத்துகிற நிவேதா, கயிற்றைக் கத்தரித்தாள். “குரங்கு பயந்துச்சா பாய்?”

“எங்க? ஒண்ணு அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவிட்டு இருக்கு. இன்னொண்ணு, அது எப்ப முடிக்கும்னு பின்னால காத்துக் கெடக்கு.”

நிவேதா சிரித்துவிட்டாள். அவருடைய மனைவி ராபியா சிரிக்கவில்லை. வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கழுத்து வரை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு, சிடியையே பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஹபீபுல்லாவுக்குக் குற்றாலத்தில் ஒரு சின்ன லாட்ஜ். சீசன் தொடங்கியதும் மாடியில் காயப்போட்ட துண்டுகளைக் குரங்குகள் தூக்கிக்கொண்டு போயின. பழைய சிடிகளைத் தொங்கவிட்டால் மினுமினுப்புக்குப் பயந்து வராது என்று பக்கத்து லாட்ஜ்காரர் சொல்ல, இவர் அலமாரியில் கிடந்ததை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய் மாமரத்தில் கட்டிவிட்டார். மீதி வேலையைச் சாரல் செய்தது.

“இதுல என்ன இருந்துச்சு பாய்?”

“நான் சவுதியில கெடக்கும்போது ஊர்ல இருந்து கேசட்டுல பேசி அனுப்புவாக. கடுதாசி மாதிரி. அதையெல்லாம் மச்சான் ஒருத்தன் இந்த சிடியில ஏத்திக் குடுத்தான். கேசட்டெல்லாம் பூசணம் புடிச்சுப் போச்சு. வேற காப்பி கெடையாது.” அவர் குரல் இறங்கியது. “ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும் தாயி.”

“உங்க உம்மா பேசுனதா?”

“உம்மாவும் பேசிருக்கும்,” என்றவர், தெருவில் விழுகிற தூறலைப் பார்த்தார்.

நிவேதா சிடியைத் துடைத்து டிரைவில் போட்டாள். அது உறுமியது, திணறியது, நின்றது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றது திரை. வேறு டிரைவில் போட்டாள். அதே பதில்.

ராபியா மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஹபீபுல்லா விழுந்தடித்து எழுந்து, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

“அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்களோ?” என்றாள் நிவேதா.

“சிடி மரத்துல தொங்குததை இவதான் கண்டுபிடிச்சா. என் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயி மரத்தைக் காட்டுனா. அப்புறம் என்னையப் பாத்தா பாரு ஒரு பார்வை. அன்னைக்குத்தான் தாயி குரங்கெல்லாம் பயந்து ஓடிச்சு.”

ராபியா அவர் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

“வாய்விட்டு ஏசிட்டாக்கூட மனசு ஆறிரும், என்ன பாய்?”

“ஏச்சா? இவ ஆரம்பிச்சா, ரூம் எடுத்தவன் குளிக்காமலே காலி பண்ணிட்டுப் போயிருவான். வாய மூடுட்டின்னு நானும் தெனம் சொல்லுவேன்.”

“இப்ப?”

“இப்ப ஒரு வார்த்தை பேசுதாளான்னு நீயே பாரு.”

நிவேதாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “அம்மா, தெரியாமச் செஞ்சுட்டாரு. எவ்வளவு நேரந்தான் இப்படி உம்முன்னு இருப்பீங்க? ஒரு வார்த்தை பேசிருங்களேன்.”

ராபியா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “நீ சிடியைப் பாரு தாயி,” என்றார் ஹபீபுல்லா, அவசரமாக.

கெட்டுப்போன டிஸ்க்குகளைத் துண்டு துண்டாகப் படிக்கிற சாப்ட்வேர் ஒன்றை நிவேதா ஓடவிட்டாள். “சிடியில எழுதுறது நடுவுல இருந்துதான் ஆரம்பிக்கும் பாய். ஓரம் பூராப் போயிட்டு. நடுவுல கொஞ்சம் உரியாம இருக்கு. அதுல சிக்குனா உண்டு.”

திரையில் ஒரு கோடு எறும்பு போல நகர்ந்தது. டிரைவ் நின்று நின்று முனகியது. ஹபீபுல்லா நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார். ராபியாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

கடைசியில் ஒரே ஒரு ஃபைல் வந்து விழுந்தது.

“மத்தது எதுவும் வராது பாய். உள்ளதைச் சொல்லிருதேன். இது மட்டுந்தான்,” என்று நிவேதா அதைத் தட்டினாள்.

முதலில் இரைச்சல். பிறகு ஓர் இளம்பெண்ணின் குரல், கடை அதிரும்படி.

“கேக்குதா? இது ரிக்கார்டு ஆவுதா என்னன்னு தெரியல, நான் பாட்டுக்குப் பேசுதேன். இங்கன சாரல் கட்டிட்டு. வீடு பூரா ஒழுகுது. இருந்த ஒரு குடையையும் பெட்டியில வச்சுக் கொண்டு போயிட்டியளே, சவுதியில என்ன அடைமழையா பெய்யுது? இதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லணும். சிரிச்சு மழுப்பப்பிடாது, ஆமா...”

கரகரத்து நின்றுவிட்டது.

ராபியா ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைத்திருந்தார். பேச்சு நின்ற பிறகும் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“யாரு பாய் இது, இந்த வாங்கு வாங்குது?” நிவேதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “உங்க தங்கச்சியா?”

ஹபீபுல்லா சிரிக்கவில்லை.

“இவளுக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்ல தாயி. போன சீசன்ல தொண்டையில புத்துநோய்னு சொல்லி, குரல்பெட்டியையே எடுத்துட்டாக. இப்பப் பேசுனது இவதான்.”