கால் சுற்று

இழுத்தாள். வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தாள். அரை மடக்கு காற்று வந்தது, அவ்வளவுதான்.

பதினான்கு மீட்டர் ஆழம். கைவிட்ட கல்குவாரியில் மழைநீர் தேங்கி ஏரியான இடம். பச்சைத் தண்ணீர். கீழே வெடிவைத்துப் பிளந்த பாறைகள், அவற்றின் மேல் மூன்று விரல் கனத்துக்குச் சேறு. ஒரு ஜிலேபிக் கெண்டை அவள் மாஸ்க்குக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து மூடியது. அதற்கு ஒரு சிரமமும் இல்லை.

காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தாள். மூச்சை இழுத்தால் முள் சடாரென்று விழுந்தது. நிறுத்தினால் எழுந்து நூற்றெண்பதில் நின்றது.

புரிந்துவிட்டது.

சிலிண்டரில் காற்று இருக்கிறது. வால்வுதான் மூடியிருக்கிறது. முழுக்க அல்ல, கால் சுற்று திறந்திருக்கிறது. கரையில் மூச்சு விட அது போதும். இந்த ஆழத்துக்குப் போதாது.

அவள் அதை முழுக்கத் திறந்துதான் வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் அண்ணன் பின்னால் வந்து ஒருமுறை திருகிப் பார்த்தான்.

அவன் எப்போதும் அப்படித்தான். அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். அவள் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்த ஸ்கூட்டரின் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பான். கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் முழுவதும் அவள் பொறுப்பு. வீட்டில் அவள் அணைத்த கேஸ் அடுப்பை அவன் இன்னொரு முறை அணைப்பான்.

ஸ்கூபா ஆட்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, கால் சுற்று திருப்பி வைப்பது. அண்ணனுக்குத் திசை மாறிவிட்டது. முழுக்க மூடிவிட்டு, கால் சுற்று திறந்திருக்கிறான். அதோடு விட்டானா? தோளைத் தட்டி, "இப்பதான் சரி" என்று வேறு சொன்னான்.

கையைப் பின்னால் வளைத்தாள். விரல் நுனி வால்வைத் தொட்டது. பிடி கிடைக்கவில்லை.

சற்றுத் தள்ளி நீந்திக்கொண்டிருந்த அண்ணனிடம், கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினாள். காற்று இல்லை.

அவன் நீந்தி வந்தான். அவளுடைய கேஜைப் பிடித்துப் பார்த்தான். நூற்றெண்பது. கண்ணாடியை விரலால் தட்டி அவளுக்கே காட்டினான். இருக்கிறதே.

பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தான். மெதுவாக. பதறாதே.

பயமெல்லாம் அந்த நொடியில் போய்விட்டது. வந்தது ஆத்திரம். உயிர் போகிற நேரத்திலும் இவன் முள்ளைத்தான் நம்புகிறான், தங்கையை அல்ல. கத்தலாம் என்றால் வாயில் ரப்பர். அதையே கடித்தாள்.

ஆபத்துக்கென்று அவன் மார்பில் செருகியிருந்த மஞ்சள் ரெகுலேட்டரை, அவன் கொடுக்கட்டும் என்று காத்திராமல், பிடுங்கினாள். தன்னுடையதைத் துப்பினாள். மஞ்சளைக் கவ்வி இழுத்தாள்.

வந்தது.

அதுவும் அவனுடைய காற்று என்பதில் இன்னும் எரிந்தது.

ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மேலே ஏறினார்கள். அதுதான் விதி. அவள் விரல்கள் அவன் முழங்கையை இறுக்கியதற்கு விதி காரணமில்லை.

 

டிரம்களின் மேல் பலகை அடித்த மிதவை. பயிற்சியாளர் செல்வின் அதில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய லாக் புக்.

இது கடைசித் தேர்வு. தேறினால் சான்று அட்டை. அட்டை வந்துவிட்டால், அண்ணன் துணையில்லாமல் எந்தத் தண்ணீரிலும் இறங்கலாம். ஆறு மாதமாக அதற்காகத்தான் இந்தப் பச்சைத் தண்ணீரைக் குடித்தாள்.

அவள் மாஸ்க்கைக் கழற்றுவதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"பாப்பா பயந்துட்டா சார். ஆழம்ல? எனக்கு அப்பவே தெரியும்."

பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்று.

செல்வின் பேனா மூடியைத் திறந்தார்.

"எழுதாதீங்க சார்."

சிலிண்டரைக் கழற்றாமலே மிதவையில் ஏறினாள். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தண்ணீர் சொட்டிப் பலகை நனைந்தது.

"வால்வை நீங்களே திறங்க. எத்தனை சுத்துன்னு சத்தமா எண்ணுங்க."

செல்வின் பிடித்துத் திருப்பினார்.

"ஒண்ணு."

அண்ணன் தண்ணீரில் மிதந்தபடி சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

"ரெண்டு."

சிரிப்பு நின்றது.

"ரெண்டரை. இப்பதான் நிக்குது."

அண்ணன் தன் வலது கையைத் தண்ணீருக்கு மேலே எடுத்துப் பார்த்தான். வெறும் காற்றில் ஒருமுறை இந்தப் பக்கம் திருகினான். பிறகு அந்தப் பக்கம்.

செல்வின் லாக் புக்கை மூடினார். "ஒரு மணி நேரம் ரெஸ்ட் எடுத்துட்டு மறுபடி இறங்கும்மா. கூட வர்றதுக்கு வேற ஆள் தர்றேன்."

"வேண்டாம் சார். அண்ணனே வரட்டும்."

 

இறங்குமுன் ஒருவர் சிலிண்டரை ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

அவளுடையதைச் செல்வின் பார்த்துவிட்டார். அண்ணன் கை அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது அவன் முறை. திரும்பி, முதுகைக் காட்டி நின்றான்.

அவன் வால்வைப் பிடித்தாள். முழுக்கத் திறந்திருந்தது.

பிடித்தபடி நின்றாள்.

ஏரியில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. அவன் தோள் இரண்டும் மெல்ல ஏறின. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"சரியா இருக்கா?" என்றான்.

அவள் கையை எடுக்கவில்லை.