ஐந்தாவது நகம்

சீனத்து அரக்குப் பெட்டியின் மூடியில் செதுக்கியிருந்த டிராகனுக்கு வாய் ஓயவே ஓயாது. "நூறு தடவை அரக்கு பூசி, காயவைச்சு, அப்புறம்தான் என்னைச் செதுக்கினாங்க. காலுக்கு அஞ்சு நகம். சக்கரவர்த்தி வீட்டுப் பொருளுக்கு மட்டும்தான் அஞ்சு, தெரியுமா?"

கண்ணாடி அலமாரிக்குள் புகுந்திருந்த பல்லி எண்ணிப் பார்த்தது. "நாலுதானே அண்ணே இருக்கு?"

"அஞ்சாவதைச் சுரண்டிட்டாங்க. வெளியே கொண்டுபோகும்போது அரண்மனைப் பொருள்னு யாரும் கண்டுபிடிக்கக் கூடாதில்ல?"

"ஓகோ! அப்போ உங்களைத் திருடிட்டு வந்தாங்களா?"

டிராகன் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் அலமாரிக்குப் புதிதாக வந்த பீங்கான் ஜாடி மரியாதையாகக் கேட்டது: "ஐயா, உங்களுக்கு எத்தனை நகம்?"

"பிறவியிலேயே நாலு," என்றது டிராகன்.